ஹெட்லைட்டுக்குள் பல்பு உடைந்து வெள்ளையாகப் படிந்துவிட்டது, எப்படிச் சுத்தம் செய்வது?

பெரியகுளம்_வேகன்ஆர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014 மாடல் வேகன்ஆர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் ஹெட்லைட்டில் கம்பெனி பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் எச்4 பல்பு (ஒரே பல்பில் ஹை பீம் 100, லோ பீம் 90 வாட்) போட்டிருக்கிறார். இப்போது பல்பைக் கையில் எடுத்து அடியில் எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

போன வாரம் கொடைக்கானலில் இருந்து இரவில் இறங்கினேன். டம்டம் பாறை தாண்டியதும் வலது பக்க விளக்கு போய்விட்டது. ஒற்றை விளக்கோடு மலையடிவாரத்தில் இருக்கும் காட்ரோடு வரை மெதுவாக வந்து சேர்ந்தேன். காலையில் பின்பக்க ரப்பர் மூடியைக் கழற்றிப் பார்த்தால் பல்பின் கண்ணாடிக் குழலே இல்லை, அடிக்கட்டை மட்டும் இருக்கிறது. உடைந்த துண்டுகள் உள்ளே கிலுகிலுக்கின்றன. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டரின் மேல்பாதி முழுக்க வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை. முன்னால் மூடியிருக்கும் லென்ஸின் உள்பக்கமும் பனி பிடித்த மாதிரி மங்கல்.

இடது பக்கப் பல்பு எரிகிறது. ஆனால் அந்தப் பக்க ரிஃப்ளெக்டரில் பல்புக்கு நேர் மேலே பழுப்பாக ஒரு திட்டு இருக்கிறது.

மெக்கானிக் இரண்டு பக்கமும் முழு செட்டாக மாற்றச் சொல்கிறார். உதிரிபாகக் கடையில், பெட்ரோலில் துணியை நனைத்து பல்பு ஓட்டை வழியாக விட்டுத் துடைத்தால் போதும் என்றார்கள். வீடியோக்களில் விளக்கை அடுப்பில் சுட வைத்து லென்ஸைப் பிரித்து எடுக்கிறார்கள். எதைச் செய்வது? அந்த வெள்ளைப் பொடி என்ன, கை படலாமா? விடியுமுன் தேனி மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி, நாள் கடத்த முடியாது.

துறையூர்_டிரைவர்:

சகோ, என் வண்டியில் லென்ஸ் மஞ்சளாகிப் போனபோது டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன், நன்றாகவே தெளிந்தது. குச்சியில் துணி கட்டி உள்ளேயும் அதையே செய்து பார்க்கலாமே.

கரூர்_ஆட்டோ_எலக்ட்ரிக்கல்:

தம்பி, துணி, குச்சி, பெட்ரோல், பேஸ்ட் எதுவும் அந்த ஓட்டைக்குள் போக வேண்டாம். துறையூர் நண்பர் சொன்னது லென்ஸின் வெளிப்பக்கத்துக்குச் சரி. வெயில் பட்டு மஞ்சளாவது மேலே இருக்கும் பாதுகாப்புப் பூச்சு, அதைத் தேய்த்து எடுக்கிறோம். உள்ளே ரிஃப்ளெக்டரில் தேய்த்தால் அழுக்கோடு சேர்ந்து பளபளப்பே போய்விடும்.

நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் வயரிங் பழகியவன், இப்போது கார் வேலைதான் அதிகம். என் மேஜைக்கு வரும் ஹெட்லைட்டுகளில் பல்பால் கெட்டதைவிடத் துடைத்துக் கெட்டவைதான் அதிகம். அதைப் பார்க்கும்போது மனசு வலிக்கும். கழுவியிருந்தால் பிழைத்திருக்கும்.

ரிஃப்ளெக்டர் என்பது பிளாஸ்டிக் கிண்ணம். அதை வெற்றிடத்துக்குள் வைத்து அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைக்கிறார்கள். அந்தப் படலம் சுமார் 0.1 மைக்ரான் கனம்தான். தலைமுடி ஒன்று 70 மைக்ரான் இருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதுகாப்புப் பூச்சும் உண்டு, அதுவும் அவ்வளவு மெல்லியதுதான். உங்கள் வலது விளக்கில் உடைந்த கண்ணாடித் தூள் வேறு கிடக்கிறது. அதன் மேல் துணியை இழுத்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி கோடு விழும். பெட்ரோல் அதைவிட மோசம். லென்ஸ் பாலிகார்பனேட், பெட்ரோலோ தின்னரோ பட்டால் உள்ளுக்குள்ளேயே மயிரிழை விரிசல்கள் ஓடும்.

வலது விளக்கைக் காப்பாற்றலாம் என்று நினைக்கிறேன். லென்ஸைப் பிரிக்கத் தேவையில்லை.

விளக்கை வண்டியில் இருந்து கழற்றுங்கள். பம்பரின் மேல் கிளிப்புகளைத் தளர்த்த வேண்டி வரலாம், இழுத்துப் பிடுங்க வேண்டாம். பேட்டரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். வெளிச்சத்தை மேலே கீழே நகர்த்தும் லெவலிங் மோட்டார் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பல்பு ஓட்டை கீழே பார்க்கும்படி விளக்கைப் பிடித்து, வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தட்டுங்கள். குலுக்காதீர்கள். கீழே வெள்ளைத் துணி விரித்து வைத்தால் எவ்வளவு விழுந்தது என்று தெரியும். தட்டியதில் வராததைத் தண்ணீர் கொண்டு வந்துவிடும்.

பார்க்கிங், இண்டிகேட்டர் ஓட்டைகளைப் பழைய ஹோல்டர்களாலேயே மூடிவிட்டு, பல்பு ஓட்டை வழியாக வெதுவெதுப்பான தண்ணீரை முக்கால் பாகம் ஊற்றுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு போதும், பவுடர் வேண்டாம். ஓட்டையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு விளக்கை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துச் சுழற்றுங்கள். லென்ஸ் வழியாகவே பார்க்கலாம்: முதலில் மேல்பக்கத்தில் இருந்து வெள்ளை, நூல் நூலாகப் பிரிந்து இறங்கும், பிறகு தண்ணீர் முழுக்கக் கஞ்சித் தெளிவு போல ஆகும். அந்த நேரத்தில் ஒரே வேகத்தில் கவிழ்த்துக் கொட்டிவிடுங்கள். ஆற விட்டால் பொடி வேறு இடத்தில் போய்ப் படியும். தண்ணீர் தெளிவாக வரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், அவசரம் கூடாது.

கடைசி அலசல் மட்டும் டிஸ்டில்ட் வாட்டரில். பேட்டரிக் கடையில், பெட்ரோல் பங்கில் கேனில் விற்பார்கள். நம் ஊர் போர் தண்ணீரில் அலசிக் காயவிட்டால் உப்பு வட்டம் வட்டமாகப் பூத்துவிடும், அதை எடுக்க மறுபடி துடைக்கத் தோன்றும். டிஸ்டில்ட் வாட்டரில் அந்தப் பிரச்சினை இல்லை.

பிறகு ஓட்டை கீழே இருக்கும்படி சாய்த்து, எல்லா ஹோல்டர்களையும் கழற்றி, மெல்லிய துணியால் மூடி நிழலில் வையுங்கள். அவசரமானால் ஹேர் டிரையரில் குளிர்காற்று விடலாம், சூட்டுக்காற்று வேண்டாம். உள்ளே ஈரப்பொட்டு ஒன்றுகூட இல்லாதபோதுதான் மாட்ட வேண்டும்.

இடது பக்கப் பழுப்புத் திட்டு வேறு சங்கதி. அது படிந்த அழுக்கா, வெந்த பிளாஸ்டிக்கா என்று பார்க்க வேண்டும். சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புக்கு அடியில் பளபளப்பு தெரிந்தால் கழுவிப் பார்க்கலாம். வானவில் நிறம் ஓடினாலோ, தோல் சுருங்கிய மாதிரி நெளிவு தெரிந்தாலோ அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கே வெந்திருக்கிறது. அதற்குக் கழுவல் கிடையாது.

நாகர்கோவில்_வேதியியல்_டீச்சர்:

அந்த வெள்ளைப் பொடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் டங்ஸ்டன் ட்ரைஆக்சைடு. ஹாலஜன் பல்புக்குள் ஆக்சிஜன் கிடையாது, அதனால்தான் இழை 2,500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகியும் எரிந்துபோகாமல் இருக்கிறது. எரிந்துகொண்டிருக்கும்போதே பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழல் உடைந்தால் காற்று பட்டு இழை புகையாகிவிடும். சூடான புகை மேலே போகும், உங்கள் ரிஃப்ளெக்டரில் மேல்பாதி மட்டும் வெளுத்திருப்பது அதனால்தான்.

கடும் விஷம் இல்லை. ஆனாலும் நுண்ணிய தூள், மூச்சில் போக விடாதீர்கள். கரூர் அண்ணன் சொன்ன மாஸ்க் கட்டாயம்.

சோப்பு பற்றி அவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த ஆக்சைடு தண்ணீரில் கரையாது, காரத்தில் கரையும். அதைப் படித்துவிட்டு யாராவது சலவை சோடா, அம்மோனியா கலந்த கண்ணாடி ஸ்ப்ரே என்று போய்விடக் கூடாது. அலுமினியமும் காரத்தில் கரையும். சலவை சோடா போட்டுத் தேய்த்த அலுமினியக் குண்டான் கறுத்துப்போவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். குண்டானுக்குக் கனம் இருக்கிறது, தாங்கும். 0.1 மைக்ரான் படலம் தாங்காது, பொடி போகும்போது பளபளப்பும் சேர்ந்து போகும். வினிகர், எலுமிச்சை போன்ற அமிலங்களும் வேண்டாம். பொடியைக் கரைக்கப் பார்க்காமல், ஒட்டு விடச் செய்து அடித்துக்கொண்டு வருவதுதான் நம் வேலை. நடுநிலையான பாத்திர லிக்விட் அதற்குப் போதும்.

பெரியகுளம்_வேகன்ஆர்:

அண்ணா, டீச்சர், இருவருக்கும் நன்றி. இன்று வலது விளக்கைக் கழற்றிவிட்டேன். தட்டியதில் விழுந்த துண்டுகளில் ஒன்று அரிசி நீளம், மீதி சர்க்கரை மாதிரி தூள். இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை.

சில சந்தேகங்கள். ஒன்று, கழுவியும் போகாவிட்டால் லென்ஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா? இரண்டு, வீட்டில் சானிடைசர் பாட்டில் நிறைய மிச்சம் இருக்கிறது. ஆல்கஹால்தானே, லென்ஸின் மங்கலுக்கு அதைப் பயன்படுத்தலாமா? மூன்று, பல்பு மாட்டும் கப்ளர் ஒரு பக்கம் நிறம் மாறியிருக்கிறது. அப்படியே விடலாமா?

கரூர்_ஆட்டோ_எலக்ட்ரிக்கல்:

மூன்றாவதில் இருந்து வருகிறேன், அதுதான் முக்கியம். கப்ளரை அப்படியே விடக் கூடாது. கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மூன்று பின்களில் ஒன்று செம்பு நிறம் மாறி நீலமோ கறுப்போ ஆகியிருக்கும், அதைச் சுற்றி பிளாஸ்டிக் உருகி வாய் அகன்றிருக்கும். பின் தளர்ந்ததால் சூடு, சூட்டால் இன்னும் தளர்வு, இப்படியே போகும். கம்பெனி வயரிங் 60/55 வாட்டுக்குப் போட்டது. லோ பீம் 55 வாட் என்றால் சுமார் 4 ஆம்பியர் ஓடும், 90 வாட்டுக்கு 6.7 வரும். ஆம்பியர் ஒன்றரை மடங்குக்குச் சற்றுமேல் கூடினால் வயரில், பின்னில் பிறக்கும் சூடு ஏறக்குறைய 2.7 மடங்கு. அதனால் புதுக் கப்ளர் போடுங்கள், செராமிக் கிடைத்தால் நல்லது. பின்னால் வரும் வயரின் மேலுறை கெட்டியாக நொறுங்கினால் அந்தத் துண்டையும் வெட்டிவிட்டு நல்ல வயர் சேர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள்.

ரிலே (பேட்டரியில் இருந்து தனி வயரில் மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச்) போட்டால் 100/90 தாங்கும் என்று சொல்வார்கள். வயர் தாங்கும், உண்மைதான். ரிஃப்ளெக்டர் தாங்காது. உங்கள் இடது விளக்கே சாட்சி. இரண்டு பக்கமும் 60/55 வாட் நல்ல பிராண்டு பல்பு வாங்குங்கள். அடியில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். மாட்டும்போது குழலை விரலால் தொடாதீர்கள். வியர்வை உப்பு பட்ட இடத்தில் குவார்ட்ஸ் சூட்டில் வெளுத்துப் பலம் இழக்கும், அங்கேதான் பிறகு உடையும். தொட்டுவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு மாட்டலாம்.

சானிடைசர் வேண்டாம். அதில் கை வறண்டு போகாமல் இருக்க கிளிசரின் சேர்த்திருப்பார்கள், ஜெல்லாக இருந்தால் கெட்டிப்படுத்தும் பொருளும் இருக்கும். ஆல்கஹால் பறந்துவிடும், அது லென்ஸில் தங்கிவிடும். மருந்துக்கடையிலோ செல்போன் உதிரிபாகக் கடையிலோ சுத்தமான ஐசோபுரோபைல் கேளுங்கள். அதுவும் லென்ஸுக்கு மட்டும்தான், கழுவிய பிறகும் மங்கல் இருந்தால் மட்டும்.

லென்ஸைப் பிரிப்பது கடைசி வழி. ஒட்டியிருப்பது கறுப்பாக, சூயிங்கம் மாதிரி இழுபடும் பியூட்டைல் என்றால் ஹீட் கன் காட்டினால் இளகும், பிரித்து மறுபடி ஒட்டலாம். கெட்டியாக ரப்பர் போல இருக்கும் பசை இளகாது, நெம்பினால் பாலிகார்பனேட் உடையும். வீட்டில் சமைக்கும் அடுப்பில் இதை வைக்கவே வேண்டாம். யாராவது பிரித்துக் கொடுத்தால் திரும்ப ஒட்டுவதற்குப் புது பியூட்டைல் கேளுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் போட விடாதீர்கள். அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், அடைத்த டப்பாவுக்குள் அந்த ஆவி ரிஃப்ளெக்டரை அரித்துவிடும். டீச்சர் சொன்ன அமிலம் இதுதான்.

கோவை_ஸ்விஃப்ட்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினையும் இதுதான், பல்புதான் வேறு. எச்4 ஹாலஜனுக்குப் பதில் எல்இடி பல்பு போட்டிருந்தேன். ஒரு பக்கம் ஃபேன் நின்று, மினுக்கி மினுக்கி அணைந்துவிட்டது. உடையவில்லை. ஆனால் லென்ஸின் உள்பக்கம் எண்ணெய் தடவியது போல வெள்ளை மூட்டம். தண்ணீரில் கழுவினேன், போகவில்லை. பின்னால் ஃபேன் நீட்டிக்கொண்டிருந்ததால் ரப்பர் மூடியைக் கடைக்காரர் வட்டமாக வெட்டித்தான் மாட்டினார்.

கரூர்_ஆட்டோ_எலக்ட்ரிக்கல்:

தம்பி, உங்களுடையது பொடி இல்லை, எண்ணெய். ஃபேன் நின்றதும் பல்பு தாறுமாறாகச் சூடாகி, சூட்டைக் கடத்த உள்ளே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்டில் இருந்து சிலிகான் எண்ணெய் ஆவியாகிக் குளிர்ந்த இடம் பார்த்துப் படிந்திருக்கிறது. விளக்கில் குளிர்ந்த இடம் லென்ஸ். அதனால்தான் தண்ணீருக்கு அசையவில்லை. ஐசோபுரோபைல் தொட்ட மெல்லிய மைக்ரோஃபைபர் துணியைச் சுத்தமான வளையும் கம்பியில் சுற்றி, கம்பி முனை வெளியே தெரியாமல் கட்டி, லென்ஸின் உள்பக்கம் மட்டும் மெதுவாக ஒற்றி எடுங்கள். ரிஃப்ளெக்டரைத் தொட வேண்டாம். சில விளக்குகளில் லென்ஸின் உள்ளே பனி பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும், அது ஆல்கஹாலில் கோடு கோடாகக் கலையும். ஓரத்தில் சிறிய இடத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய ரப்பர் மூடியை மாற்றாமல் எதைச் சுத்தம் செய்தும் பயன் இல்லை. அந்த வழியாகத் தூசியும் மழைத்தண்ணீரும் போய்க்கொண்டே இருக்கும். விளக்கு மூச்சு விடுவதற்கென்று கம்பெனியே வளைந்த குழாயோ சிறு துவாரமோ வைத்திருக்கிறது, அதை அடைத்துவிடாமல், வெட்டிய மூடிக்குப் பதில் முழு மூடி வாங்கி மாட்டுங்கள்.

எல்இடி போடவே கூடாதா என்று கேட்பீர்கள். ஹாலஜன் இழை இருக்கும் அதே புள்ளியில், அதே அளவில் வெளிச்சம் வந்தால்தான் ரிஃப்ளெக்டர் அதைச் சாலையில் சரியாக விரிக்கும். ஜெர்மனியில் 2020 இறுதியில் ஓஸ்ராம் கம்பெனியின் எச்7 வகை எல்இடி பல்பு ஒன்றுக்கு அனுமதி கொடுத்தபோதுகூட, சோதித்துப் பார்த்த கார் மாடல்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். பெட்டியில் போட்டு விற்கும் எல்லாப் பல்பும் எல்லா விளக்குக்கும் பொருந்தும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எதிரே பைக்கில் குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு வருகிறவருக்குக் கண் கூசினால் என்ன ஆகும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

பெரியகுளம்_வேகன்ஆர்:

வலது விளக்கு கழுவியாகிவிட்டது. அண்ணன் சொன்ன மாதிரியே நூல் நூலாக இறங்கியது, பார்க்கவே ஆச்சரியமாக இருந்தது. பல்பு ஓட்டையின் விளிம்பில் மெல்லிய சாம்பல் வளையம் மட்டும் நிற்கிறது, அதைத் தொடவில்லை. ஐசோபுரோபைல் தேவைப்படவில்லை, லென்ஸ் தண்ணீரிலேயே தெளிந்துவிட்டது. கப்ளரைத் திருப்பிப் பார்த்தேன், நடுப்பின் நீலம். இரண்டு பக்கமும் செராமிக் மாற்றிவிட்டேன். 60/55 பல்பு போட்டாயிற்று.

இடது விளக்கில் சாய்த்து டார்ச் அடித்தால் திட்டின் ஓரத்தில் வானவில் நிறமும் நெளிவும் தெரிகிறது. இதைக் குரோம் ஸ்ப்ரே அடித்து ஓட்டலாம் என்று இங்கே ஒருவர் சொல்கிறார்.

கரூர்_ஆட்டோ_எலக்ட்ரிக்கல்:

சந்தோஷம் தம்பி. சாம்பல் வளையத்தை விட்டுவிட்டது மிகச் சரி, அங்கிருந்து சாலைக்கு ஒன்றும் பெரிதாகப் போவதில்லை.

குரோம் ஸ்ப்ரே வேண்டாம். நல்ல அலுமினியப் படலம் பட்ட வெளிச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பும். ஸ்ப்ரே பார்க்கப் பளபளக்கும், ஆனால் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். லோ பீமின் வெளிச்சம் மேலே முடியும் வெட்டுக்கோடு மங்கி, எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். திட்டு சிறியது என்றால் 60/55 பல்போடு இப்போதைக்கு ஓட்டலாம், இனிமேல் பெரிதாகாது. மலையில் இரவு ஓட்டுகிறவர் என்பதால் கையில் காசு சேர்ந்ததும் அந்தப் பக்கம் மட்டும் புது அசெம்ப்ளி மாற்றிவிடுங்கள். மெக்கானிக் சொன்னதில் பாதி சரி, இரண்டு பக்கமும் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

மாட்டிய பிறகு பீம் அட்ஜஸ்ட் செய்ய மறக்காதீர்கள். விளக்கைக் கழற்றி மாட்டினால் கொஞ்சமாவது மாறியிருக்கும். 1989 மோட்டார் வாகன விதிகளில் சொல்வது, விளக்கில் இருந்து 8 மீட்டர் தள்ளி, தரையில் இருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்கக் கூடாது என்பது. வீட்டில் பார்க்க எளிய வழி: சமதரையில், டயர் காற்று சரியாக வைத்து, டிரைவர் சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, சுவரில் இருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே ஒரு கோடு போடுங்கள். லோ பீமின் மட்டமான வெட்டுக்கோடு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும், இடது பக்கம் மட்டும் சாய்வாக மேலே ஏறும், அது சாலையோரம் தெரிவதற்காக. ஒரு விளக்கைத் துணியால் மூடிக்கொண்டு மற்றதைப் பாருங்கள். பின்னால் இருக்கும் திருகை ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் கால் கால் சுற்றாகத் திருப்பினால் போதும். உள்ளே லெவலிங் சக்கரம் இருந்தால் அதை முதலில் சைபரில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.